தராசில் ஏறாத அன்பு: கிறிஸ்தவர்கள் சொல்லும் தேவ அன்பு என்றால் என்ன?

எங்கள் வீட்டு முன்கதவில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. 'இயேசு உன்னை நேசிக்கிறார்' என்று நீல எழுத்து. பத்து வருட வெயிலில் நீலம் வெளுத்துவிட்டது. கிட்டே வந்தால்தான் படிக்க முடியும். போன தீபாவளிக்கு முறுக்குத் தட்டோடு வந்த பக்கத்து வீட்டு அக்கா கிட்டே வந்து படித்துவிட்டார்.

"தம்பி, கேக்குறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. எல்லாரையும் நேசிக்கிறாருன்னா, தப்பு செய்றவனையுமா? அப்படின்னா ஒழுங்கா இருக்கிறவனுக்கு என்ன மரியாதை?"

தட்டை வாங்கிக்கொண்டு ஏதோ சொன்னேன். அவருக்கும் அது நிறையவில்லை, எனக்கும் நிறையவில்லை. இருபது வருடமாக எங்கள் சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். அந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் எழுத வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். கிறிஸ்தவத்தைப்பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் வாசிக்கும்படி எழுதப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கோல சிலாங்கூர் மாவட்டத்தில் இருக்கிறது. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தைதான் வருகிறது. சுற்றிலும் தோட்டங்கள். அப்பா காலத்தில் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. இங்கே வளர்ந்தவர்களுக்குத் தேவ அன்பை விளக்குவதில் ஒரு சிரமமும் உண்டு, ஒரு வசதியும் உண்டு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. நாங்கள் கூலிக் கணக்கில் வளர்ந்தவர்கள்.

அப்பா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தார். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆட்களைப் பேர் கூப்பிடுவது. அப்புறம் நிரை, அவருக்கு ஒதுக்கிய மர வரிசை. வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும், அதனால் இருட்டோடு போய்விட வேண்டும். மங்கு என்கிற கிண்ணங்களில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டா என்கிற தோள்கம்பில் மாட்டி, உச்சி வெயிலுக்கு முன் ஸ்டோருக்குத் தூக்கி வருவார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். தோட்டத்துக் கணக்கரான கிராணி பாலை நிறுப்பார். அதோடு விடமாட்டார். மெட்ரோலாக் என்கிற அளவுக் குழாயைப் பாலில் மிதக்க விட்டு, இதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். குழாய் ஆடி ஆடி ஓரிடத்தில் நிற்கும்வரை அப்பா அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த அரை நிமிடம் அவர் மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காத மனிதருக்கும் அந்த அரை நிமிடம் பயம்தான்.

அப்படி நிறுத்தும் அளந்தும் பேர் எழுதப்பட்ட சனம், கடவுளையும் அதே ஸ்டோர் வாசலில்தான் நிறுத்திவைக்கிறது. நல்லது செய்தால் எடை கூடும், கெட்டது செய்தால் குறையும், மாதக் கடைசியில் அதற்கேற்ற கூலி. அக்காவின் கேள்வியில் இருப்பது அந்தத் தராசு. ரொம்ப நாள் என் மனதிலும் அதுதான் தொங்கிக்கொண்டிருந்தது.

பைபிளில் யோவான் எழுதிய முதல் கடிதத்தில் ஒரு வரி வருகிறது: 'அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்' (4:19). தேவ அன்பைப்பற்றிக் கிறிஸ்தவர்கள் நம்புவதெல்லாம் இந்த வரிக்குள் அடங்கும். இதில் எனக்குப் பெரிய சொல் 'முந்தி'. நிறுப்பதற்கு முந்தி. பெரட்டில் பேர் கூப்பிடுவதற்கு முந்தி. நாம் நல்லவராவதற்கும், அவரைத் தேடிப் போவதற்கும் முந்தி.

சொல்லைப்பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பைபிளின் புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதில் இந்த அன்புக்கு அதிகமாக வரும் சொல் 'அகாப்பே'. கிரேக்கத்தில் வேறு சொற்களும் உண்டு: நட்புக்கு 'ஃபிலியா', காதலுக்கு 'ஏரோஸ்', குடும்பப் பாசத்துக்கு 'ஸ்தோர்கே'. பிரசங்கங்களில் இந்த நான்கையும் வரிசையாகச் சொல்லி, அகாப்பே மட்டும் தேவ அன்பு, மற்றதெல்லாம் மனித அன்பு என்று முடித்துவிடுவார்கள். நானும் வருடக்கணக்காக அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அது பாதிதான் சரி. பிதாவாகிய தேவன் குமாரனாகிய இயேசுவை நேசிக்கிறார் என்று, இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் யோவான் சுவிசேஷத்தில் இரண்டு இடத்தில் வருகிறது; 3:35இல் இருப்பது அகாப்பேயின் வினைச்சொல், 5:20இல் இருப்பது ஃபிலியாவின் வினைச்சொல். இன்னொரு பக்கம், தேமா என்று ஒருவன் உலகத்தின்மேல் ஆசைவைத்து, இயேசுவின் செய்தியைப் பரப்பிய பவுலை விட்டுவிட்டுப் போனான் என்று 2 தீமோத்தேயு 4:10 சொல்கிறது. அந்த ஆசைக்கும் அகாப்பேயின் வினைச்சொல்தான் போட்டிருக்கிறது. ஆக, சொல்லுக்குள்ளே மந்திரம் எதுவும் இல்லை. சொல் ஒரு வாளி. அதில் என்ன ஊற்றியிருக்கிறது என்பதை பைபிளின் கதைகளிலும் சம்பவங்களிலும்தான் பார்க்க வேண்டும்.

தமிழில் இது இன்னும் அழகாக இருக்கிறது. 'அருளென்னும் அன்பீன் குழவி' என்கிறது குறள் (757). அன்பு தாய், அருள் அது பெற்ற பிள்ளை. தொடர்புடையவர்மேல் வருவது அன்பு, தொடர்பு பார்க்காமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று பரிமேலழகர் பிரித்துக் காட்டுவார். அந்தக் கணக்குப்படி, யாரென்று பார்க்காமல் தேவன் காட்டுவதை அருள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் தமிழ் பைபிளில் 'தேவன் அன்பாகவே இருக்கிறார்' (1 யோவான் 4:8) என்றே நிற்கிறது. கத்தோலிக்கர்கள் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பிலும் 'கடவுள் அன்பாய் இருக்கிறார்'. அதுவே சரியான சொல் என்று எனக்குப் படுகிறது. மேலே உட்கார்ந்திருக்கிறவர் பாவம் பார்த்துக் கீழே போடுகிற தயவாகக் கிறிஸ்தவர்கள் இதை நினைப்பதில்லை. அந்நியனையும் பிள்ளையே என்று கூப்பிட்டு உறவாக்கிக்கொள்கிற பாசம் இது. அந்நியனுக்கும் போகிறது, அதனால் அருள். பிள்ளையே என்கிறது, அதனால் அன்பு.

தேவ அன்புக்கு எல்லோரும் எடுக்கிற கதை கெட்ட குமாரன் கதை. சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு வந்த மகனை, 'அவன் தூரத்தில் வரும்போதே' கண்டு, தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான் (லூக்கா 15). அதைக் கேட்காதவர் குறைவு. தோட்டத்து ஆளுக்கு நான் சொல்வது இயேசு சொன்ன இன்னொரு கதை, மத்தேயு சுவிசேஷம் 20ஆம் அதிகாரம். பெரட்டில் நின்றவனுக்கு அந்தக் கதையை விளக்கவே தேவையில்லை.

ஒரு எஜமான் விடியற்காலையில் தன் திராட்சத் தோட்டத்துக்கு ஆள் கூப்பிடப் போகிறான். நாளொன்றுக்கு ஒரு பணம் என்று கூலி பேசுகிறான். மூலத்தில் அது தெனாரியன் என்ற ரோம வெள்ளிக்காசு; அந்தக் காலத்தில் ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். மூன்றாம் மணி வேளையில் மறுபடி கடைத்தெருவுக்குப் போய் இன்னும் சிலரை அனுப்புகிறான். சூரியன் உதித்ததிலிருந்து எண்ணுகிற கணக்கு அது. நமக்குக் காலை ஒன்பது மணி. அப்புறம் ஆறாம் மணி, அதாவது நடுப்பகல். ஒன்பதாம் மணி, பிற்பகல் மூன்று. கடைசியாகப் பதினோராம் மணி வேளை. சாயங்காலம் ஐந்து, இன்னும் ஒரு மணி நேரத்தில் பொழுது இறங்கிவிடும். அப்போதும் சிலர் அங்கே நிற்கிறார்கள். பகல் முழுக்க ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறான். 'ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை' என்கிறார்கள்.

இந்த வரியை நான் வேகமாகத் தாண்டமாட்டேன். அப்பா வேலை செய்த தோட்டம் கைமாறியபின், ஒரு வருடம் அவர் குத்தகையாளரிடம் நாள் வேலைக்குப் போனார். விடியற்காலையில் லாரி வந்து நிற்கும். தோளைப் பார்ப்பார்கள், வயதைப் பார்ப்பார்கள், எண்ணி ஏற்றுவார்கள். ஏறாதவர்கள் உடனே வீட்டுக்குத் திரும்பமாட்டார்கள். சாப்பாட்டுக்கடை ஓரத்தில் மண்வெட்டியைச் சாத்தி வைத்துவிட்டு, இன்னொரு லாரி வருமா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அம்மா கட்டிக்கொடுத்த சோற்றை அப்பா அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டு வந்த நாட்கள் உண்டு. பொட்டலத்தைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும் அல்லவா. சாயங்காலம் ஐந்து மணி வரை நின்றவர்களைச் சோம்பேறிகள் என்று யாராவது பிரசங்கத்தில் சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் யாரும் தேர்ந்தெடுக்காத ஆட்கள். அவ்வளவுதான்.

சாயங்காலம் கூலி கொடுக்கிற நேரம். எஜமானுக்கு ஒரு காரியக்காரன் இருக்கிறான். நம் பாஷையில் கங்காணி. கூலி கொடுக்கும்போதுதான் அவன் கதைக்குள் வருகிறான். ஆள் கூப்பிட ஐந்து தடவையும் எஜமான் தானே போயிருக்கிறான். சின்னப் பிள்ளையில் கேட்ட கதை. நாற்பது வயது தாண்டித்தான் இது என் கண்ணில் பட்டது. துரை பங்களாவை விட்டு ஐந்து தடவை இறங்கி வந்து, இன்னும் யாராவது மிச்சமா என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கேட்டதாக நான் எந்தத் தோட்டத்திலும் கேள்விப்பட்டதில்லை.

முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால் ஒரு சத்தமும் எழுந்திருக்காது. எஜமான் கடைசி ஆட்களிலிருந்து கொடுக்கச் சொல்கிறான், மற்றவர்கள் பார்க்கும்படி. ஒரு மணி நேரம் வேலை செய்தவன் கையில் ஒரு பணம். விடியற்காலையிலிருந்து நின்றவர்களுக்குக் கூடுதலாக வரும் என்று ஆசை எழுகிறது. அவர்களுக்கும் அதே ஒரு பணம்தான். 'பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே' என்று முறுமுறுக்கிறார்கள். ஒழுங்கா இருக்கிறவனுக்கு என்ன மரியாதை என்று அக்கா கேட்டதும் இதைத்தான்.

எஜமானுடைய பதில்: 'நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?'

ஒரு மணி நேர வேலைக்கு நியாயமாகச் சேர வேண்டியது ஒரு பணத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதைக் கொண்டுபோய் எந்த வீட்டில் உலை வைப்பது? அவன் மனைவி பிள்ளைகளுக்குப் பசி முழுப்பசிதானே. எஜமான் அந்த ஆளின் வேலையை நிறுக்காமல், அவன் வீட்டு அடுப்பை நினைத்துக் கொடுத்தான். கிறிஸ்தவர்கள் கிருபை என்று சொல்வது இதை. தகுதிக்குத் தக்கபடி வராமல் தேவைக்குத் தக்கபடி வருகிற அன்பு. ஒழுங்காக இருந்தவனுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை. அவனுக்குக் கிடைத்தது நியாயம், மற்றவனுக்குக் கிடைத்தது தயவு. அவனுக்கு வலித்தது தன் பங்கு குறைந்ததால் அல்ல, அடுத்தவன் கை நிறைந்ததால்.

இந்தக் கதையைக் காட்டி, 'கொடுத்ததை வாங்கிக்கொண்டு சும்மா இரு' என்று கூலிக்காரனிடம் சொல்லக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதே பைபிளில் யாக்கோபு, வயலை அறுத்த வேலைக்காரரின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்றும், அந்தக் குரல் கர்த்தருடைய செவியில் பட்டது என்றும் எழுதியிருக்கிறார் (5:4). தேவ அன்பு நியாயத்துக்குக் குறைவான ஒன்றாக இருக்க முடியாது. நியாயம் முழுசாகக் கொடுத்து முடித்த இடத்துக்கு அப்பால்தான் அது நடக்க ஆரம்பிக்கிறது.

இப்போது மழைக் கதை. எனக்குப் பத்து வயது இருக்கும். ஞாயிறு பள்ளியில் டீச்சர் மத்தேயு 5:45 வாசித்தார். தேவன் 'தீயோர்மேலும் நல்லோர்மேலும் தமது சூரியனை உதிக்கப்பண்ணி, நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழையைப் பெய்யப்பண்ணுகிறார்' என்று வரும். எவ்வளவு அன்பு பாருங்கள் என்றார். நான் கையைத் தூக்கி, "மழை பெஞ்சா அப்பாவுக்கு வேலை இல்லையே டீச்சர்?" என்று கேட்டேன். வகுப்பில் ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. எல்லார் வீட்டிலும் அதே கதைதான். மழையில் வெட்டுப்பட்டை நனைந்துவிட்டால் பால் கோட்டில் இறங்காமல் பட்டையெல்லாம் வழிந்து ஓடும். மங்கில் தண்ணீர் விழும். மழை பெய்த நாள் சம்பளம் இல்லாத நாள். அப்புறம் சொல்கிறேன் என்று டீச்சர் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார்.

பின்னால் நானே தெரிந்துகொண்டேன். இயேசு அதைச் சொன்ன நாட்டில் வருடத்தில் பாதி மழையே கிடையாது. குளிர்காலத்தை ஒட்டிப் பெய்கிற மழைதான் எல்லாம். பைபிளில் முன்மாரி, பின்மாரி என்று வருவது அதுதான். முன்மாரியில் விதைப்பு, பின்மாரியில் கதிர் முற்றும். மழை இல்லையென்றால் ரொட்டி இல்லை. மழை என்று கேட்டதும் அங்கே இருந்தவர்களுக்குச் சோறு என்று கேட்டிருக்கும். இது நல்லவன் வயல், இது கெட்டவன் வயல் என்று வரப்புப் பார்த்து மேகம் நிற்பதில்லை. இயேசு அதைச் சொல்வது 'உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்' என்று சொன்ன கையோடு. எதிரிக்கும் மழை பெய்கிற தகப்பனுக்கு நீங்கள் பிள்ளைகளாக இருங்கள் என்கிறார்.

அப்பாவுக்குச் சம்பளம் போன நாளுக்கு இந்த விளக்கம் பதிலாகிவிடாது, எனக்குத் தெரியும். அன்பான தேவன் இருக்கும்போது கஷ்டம் ஏன் என்ற கேள்விக்குக் கிறிஸ்தவர்கள் ஒரு சூத்திரத்தைக் கையில் வைத்திருக்கவில்லை. அவர்கள் கையை நீட்டிக் காட்டுவது சிலுவையை.

யோவான் 3:16 ரொம்பப் பேருக்கு மனப்பாடம். தேவன் தம்முடைய ஒரேபேறான குமாரனைத் 'தந்தருளி, இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்'. இந்த 'இவ்வளவாய்' என்ற இடத்தில் கிரேக்கத்தில் 'ஹூதோஸ்' என்று இருக்கிறது. 'இந்த விதமாக' என்பது அதன் நேர்ப்பொருள். எவ்வளவு அன்பு என்று அளவு சொல்வதைவிட, எப்படிப்பட்ட அன்பு என்று காட்டுகிறது அந்தச் சொல். கொடுத்துவிடுகிற அன்பு. தேவனே மனிதனாக வந்து, கூலிக்காரர் நடுவில் தச்சனாக வாழ்ந்து, ரோம ஆளுநன் பொந்தியு பிலாத்துவின் கீழ் சிலுவையில் அறையப்பட்டு இறந்தார் என்பது கிறிஸ்தவ விசுவாசம். அந்தச் சாவு மனிதரை எப்படி மீட்கிறது என்பதைச் சபைகள் பல விதமாக விளக்கும். நம் கடனை அவர் கட்டினார் என்பார்கள், நமக்கு வர வேண்டிய தண்டனையைத் தாங்கினார் என்பார்கள், மரணத்தை ஜெயித்தார் என்பார்கள். எது முதன்மை என்ற வாதம் பழையது. எல்லா விளக்கத்துக்கும் பொதுவான அடி ரோமர் 5:8இல் இருக்கிறது. 'நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே, தேவன் நம்மேல் வைத்த தமது அன்பை விளங்கப்பண்ணுகிறார்.' திருந்திய பிறகு என்று எழுதவில்லை. பாவிகளாயிருக்கையில் என்று எழுதியிருக்கிறது. மறுபடியும் அந்த 'முந்தி'.

அந்தச் சாவை நினைவுகூரும் நாள் பெரிய வெள்ளி. தீபகற்ப மலேசியாவில் அதற்குப் பொது விடுமுறை கிடையாது. சபா, சரவாக்கில்தான் உண்டு. எங்கள் ஊரில் லீவு கிடைத்தவர்கள் பகல் ஆராதனைக்கு வருவார்கள். கிடைக்காதவர்கள் காட்டு வேலை முடிந்து சாயங்காலம் வருவார்கள். வாசலில் மண் ஒட்டிய ரப்பர் பூட்ஸ் வரிசையாக நிற்கும். உள்ளே சிலுவைப்பாடு வாசிக்கிறபோது, அந்தப் பூட்ஸுக்குச் சொந்தக்காரர்கள் நின்றுகொண்டே அழுவதைப் பார்த்திருக்கிறேன். அடிபட்டவர்களுக்கு அடிபட்ட தேவன் புரிகிறார் என்று நினைக்கிறேன்.

தகப்பன், எஜமான் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பைபிள் தாயையும் விடவில்லை. ஏசாயா 49:15: 'ஸ்திரீயானவள் தன் கர்ப்பத்தின் பிள்ளைக்கு இரங்காமல், தன் பாலகனை மறப்பாளோ? அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை.' பழைய ஏற்பாட்டின் மொழியான எபிரேயத்தில் கர்ப்பப்பைக்கு 'ரெஹெம்' என்று பெயர், இரக்கத்துக்கு 'ரஹமீம்'. இரண்டுக்கும் ஒரே வேர். இதை முதலில் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கிழவிகள் ஞாபகம்தான் வந்தது. 'பெத்த வயிறு கேக்கல' என்று அவர்கள் சொல்வதும் இரக்கத்தை வயிற்றில் வைத்துத்தானே.

முறுக்குத் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று அக்கா இன்னொன்று கேட்டார். "நாங்களும் அன்பே சிவம்னு சொல்றோம். அதேதானே இது?" நல்ல கேள்வி. 'அன்பு சிவம் இரண்டு என்பர் அறிவிலார்' என்று திருமூலர் பாடியிருக்கிறார். அதைக் கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுக்குத்தான் யோவானின் வரி இவ்வளவு எளிதாக நுழைகிறது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதற்கு நன்றியோடு இருக்க வேண்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஆனால் ஒரே வீடு என்று சொன்னால் இரண்டு பேரையும் சரியாகக் கேட்கவில்லை என்றாகிவிடும். தேவன் அன்பாகவே இருக்கிறார் என்று சொல்கிற கிறிஸ்தவர்கள், அதைத் திருப்பிப் போட்டு அன்புதான் தேவன் என்று சொல்வதில்லை. அன்பு என்று நாம் பேர் வைக்கிற எதுவும் தேவனாகிவிடாது. தேமா உலகத்தின்மேல் வைத்ததும் அன்புதான். எது அன்பு என்பதற்கு அவர்கள் ஒரு மனிதரின் வாழ்க்கையையும் சாவையும் சுட்டிக் காட்டுகிறார்கள். நாள், இடம், ஆளுநன் பெயர் எல்லாம் சேர்த்து.

தேவன் தனியாக இருந்து சலித்துப்போய் நேசிக்க ஆள் தேடி உலகத்தைப் படைத்தார் என்றும் அவர்கள் நினைப்பதில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவத்தில் அன்பு உலகத்துக்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. நேசிக்கிறவர், நேசிக்கப்படுகிறவர், அந்த அன்பு என்று மூன்றாகச் சொல்லிப் பார்த்தார் பழைய கிறிஸ்தவ அறிஞர் அகுஸ்தீன் (354–430). உவமை முழுசாகப் பொருந்தாது என்று அவருக்கே தெரியும். ஆனால் ஒன்று விளங்குகிறது. தேவனுக்கு நம்மிடம் வாங்க வேண்டியது எதுவும் இல்லை. தேவையில்லாதவரால்தான் கணக்குப் பார்க்காமல் கொடுக்க முடியும்.

தப்பு செய்றவனையுமா என்று அக்கா கேட்டதற்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. ஆமாம், அவனையும்தான். அதற்காக, செய்த தப்பைப் பரவாயில்லை என்று தேவன் சொல்வதாகக் கிறிஸ்தவர்கள் நினைப்பதில்லை. பாவத்தின்மேல் தேவனுக்குக் கோபம் உண்டு, நியாயத்தீர்ப்பு உண்டு என்று அதே பைபிள் சொல்கிறது. நேசிக்கிற பிள்ளை விஷம் குடிக்கிறதைப் பார்த்துக் கோபப்படாதவள் தாய் அல்லவே.

எங்கள் சித்தப்பா சம்சு என்கிற மலிவுச் சாராயம் குடிப்பார். சம்பள நாளில் லயத்துக்குள் வரும்போதே குரல் கேட்கும். எங்கள் பாட்டி, நாங்கள் ஆயா என்போம், அவர் கையில் பத்து காசு கொடுக்கமாட்டார். சம்பளக் கவரைப் பிடுங்கி அரிசித் தகரத்துக்குள் போட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். சித்தப்பா கத்துவார், சாமான் உடையும், ஆயா எழுந்திருக்கமாட்டார். ஆனால் அடுப்படி மேடையில் எவர்சில்வர் தட்டில் சோறு போட்டு, இன்னொரு தட்டால் மூடி, அதன்மேல் ஒரு கரண்டியைக் குறுக்கே வைத்திருப்பார், பூனை தள்ளாமல் இருக்க. நடுராத்திரி கரண்டி தட்டில் உரசும் சத்தம் கேட்டால், திரும்பிப் படுத்துக்கொண்டு, "வந்துட்டான்" என்பார். காசு மறுத்ததும் சோறு மூடி வைத்ததும் ஒரே ஆயா. தேவனுடைய கோபத்தையும் அன்பையும் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

இந்த அன்பை வாங்கிக்கொண்டவன் அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பதில் யோவான் கண்டிப்பாக இருக்கிறார். 'தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?' (1 யோவான் 4:20). சாதி பார்த்துப் பெண் கேட்கிற வீடு நம் சபைகளிலும் இருக்கிறது. கப்பலேறி வந்தபோது மூட்டையோடு அதையும் தூக்கிக்கொண்டு வந்தோம். அந்த வசனத்துக்கு முன்னால் அதற்குச் சொல்ல ஒரு சமாதானமும் இல்லை.

கொடுப்பதைவிட வாங்கிக்கொள்வது கஷ்டம் என்பதை நான் பெரிய வியாழன் அன்று கண்டேன். சாவதற்கு முந்தின இரவு இயேசு தம் சீஷர்களின் கால்களைக் கழுவினார் (யோவான் 13). அதை நினைவுகூர்ந்து எங்கள் சபையிலும் சிலரின் காலைக் கழுவுவோம். அந்தக் காலத்தில் காலைக் கழுவுவது வேலைக்காரன் வேலை. அதனால்தான் பேதுரு, 'நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது' என்று காலை இழுத்துக்கொள்கிறான். 'நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை' என்கிறார் இயேசு.

ஒரு வருடம் பன்னிரண்டு நாற்காலியில் ஒன்று, நாற்பது வருடம் மரம் வெட்டிய ஒரு தாத்தாவுக்கு. ஆராதனை தொடங்கப் போகிறது, அவர் நாற்காலி காலி. தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். தண்ணீர்க் குழாயடியில் குந்தி, துணி துவைக்கிற சவர்க்காரத்தைத் தேங்காய் நாரில் தேய்த்து, குதிகால் வெடிப்புக்குள் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நுரை கறுப்பாக ஓடியது.

"தாத்தா, உள்ள போதகர் ஐயா கழுவுவாரு. அதுக்குத்தான் கூப்பிட்டோம்."

"தெரியும்யா. ஆனா இந்தக் காலை எப்படிய்யா அவர் கையில குடுக்கிறது? கறை போவுதான்னு பாக்கிறேன்."

போகவில்லை. கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். ஐயா மண்டியிட்டுப் பாத்திரத்தை நகர்த்தி, அந்தக் காலை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். தாத்தா இரண்டு கையாலும் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஸ்டோர் வாசலில் அப்பா நிற்பாரே, அதே மாதிரி மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தார். வெதுவெதுப்பான தண்ணீர் வெடிப்பில் இறங்கியதும்தான் அவருக்கு மூச்சு வந்தது.